நாலு விரல் சந்து

ஆலங்குளத்தில் வேல்ராஜ் வீட்டு வாசலில் அந்த வண்டி வந்து நின்ற நாளிலிருந்து தெருவில் ஒருவருக்கும் சாயங்காலம் வேலை ஓடவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஆள் மளிகைக் கடை வைப்பார், மிஞ்சிப்போனால் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பார் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் கொண்டுவந்து நிறுத்தியதோ கேரவன். "எந்த நடிகைக்கு அண்ணாச்சி?" என்று கேட்காத வாய் இல்லை. வேல்ராஜும் சளைக்காமல் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"சீசனுக்கு விடப்போறேன். குத்தாலத்துல ரூம் கெடைக்காம அலையுதவன் எல்லாம் இனி நம்ம வாசல்லதான் நிப்பான்."

சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவார். 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். வண்டியின் இரண்டு விலாவும் பெட்டி பெட்டியாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஸ்லைடு என்று அதற்குப் பெயர். இடப்பக்கப் பெட்டியில் கட்டிலும் துணி அலமாரியும். வலப்பக்கப் பெட்டியில் அடுப்பு மேடை, ஃப்ரிட்ஜ், சோபா. இரண்டும் வெளியே போய்விட்டால் நடுவில் இலை போட்டுப் பந்தி பரிமாறலாம். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார்கள், கட்டிலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள், ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்த்தார்கள். ஒரு வாரம் இதே திருவிழா.

இதில் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் ஸ்லைடு மூடியிருக்கும்போது வண்டிக்குள் ஒருவர்கூடக் காலை வைக்கவில்லை. ஓட்டும்போது வேல்ராஜ் முன்சீட்டில் இருப்பார். நிறுத்தினால் முதல் வேலையாகப் பொத்தானை அமுக்கிவிடுவார். மூடியபடி பார்க்க அதில் என்ன இருக்கிறது? பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைத் திருப்பி நிறுத்தி முதுகையா காட்டுவார்கள்?

அவர் மனைவி முத்துச்செல்விக்கு வண்டியில் பெரிய மயக்கம் இல்லை. அவளுடைய கவலை வேறு. வேல்ராஜின் தங்கை உச்சிமாகாளி மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி எட்டு வருசம் கழித்துப் பிறந்த பெண்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சி முருகன் கோயிலில் காது குத்து. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் வீட்டிலிருந்து பதினொரு தாம்பாளம் சீர் வர வேண்டும்.

இதற்கு முந்தி உச்சிமாகாளியின் வளைகாப்புக்கு வேல்ராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. முத்துச்செல்வி தனியாகச் சீரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற, அது பாவூர்சத்திரத்தில் படுத்துக்கொண்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். "வளையல் போட்டாச்சு. இனி வந்தவ சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று உச்சிமாகாளியின் மாமியார் சபையில் வைத்துச் சொன்னாள். அந்த வாசகம் முத்துச்செல்விக்கு முன்னாலேயே ஆலங்குளம் வந்து சேர்ந்துவிட்டது. அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பூக்காரி கேட்டாள், "சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

ஆகையால் இந்தத் தடவை ஒரு சொல் விழக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலமே ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக அடுக்கினாள். அவளுடைய பட்டுச்சேலை, அவருடைய பட்டுவேட்டி, பிள்ளைக்குக் கம்மல், கொலுசு, பட்டுப்பாவாடை, கற்கண்டு, தேங்காய் எல்லாம் அலமாரியில். பதினொரு தாம்பாளத்தையும் ஒரே போர்வையில் மூட்டையாக்கி வேல்ராஜ் இறுக்கிக் கட்டி மேல்தட்டில் ஏற்றினார். பட்டாளத்து முடிச்சு. மாலை ஃப்ரிட்ஜுக்குள்.

"நேரா இலஞ்சிக்குப் போயிருவோம்" என்றாள் முத்துச்செல்வி.

"நேரா போறதுக்கு ஆட்டோ போதாதாட்டி? கேரவன் எதுக்கு? விடியக்காலம் ஐந்தருவியில ஒரு குளியல். வண்டிக்குள்ளயே மாத்துதோம். நீ பட்டுச்சேலையோட இந்தப் படியில எறங்கி வாறத அந்த மாமியார்க்காரி பாக்கணும்."

கடைசி வாக்கியத்தில்தான் முத்துச்செல்வி விழுந்தாள்.

ஐந்தருவி வண்டிப்பேட்டைக்கு அவர்கள் போனபோது மணி எட்டு. சீசன் ஞாயிறு, சாரல் வேறு. வாயில் விசிலும் கையில் மஞ்சள் சீட்டுக் கட்டுமாக நின்ற பால்வண்ணநாதன், "இன்னும் உள்ள, இன்னும் இடப்பக்கம்" என்று விசிலடித்தே வண்டியை ஒரு மூலையில் சொருகினார். வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி கேரளா டூரிஸ்ட் பஸ். இடப்பக்கம் தார்ப்பாய் கட்டிய பழக்கடை. முன்னால் சாக்கடை. வேல்ராஜ் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஸ்லைடு போடணும். ரெண்டு பக்கமும் ரெண்டரை அடி வெளிய வரும்."

"வண்டின்னா முன்னால போகும், பின்னால போகும். பக்கவாட்டுல போற வண்டிக்கு இங்கன எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் பால்வண்ணநாதன் அடுத்த வண்டிக்கு விசிலடித்தார்.

"குளிச்சிட்டு வந்து பாத்துக்கிடலாம்" என்றார் வேல்ராஜ். முத்துச்செல்வி பழைய நூல்சேலையிலும் அவர் அரை டவுசரிலும், தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போனார்கள். மாற்றுத்துணி ஒன்றும் கையில் எடுக்கவில்லை. எதற்கு? நடமாடும் வீடே பக்கத்தில் நிற்கிறதே.

ஒன்பதேகாலுக்கு முத்துச்செல்வி சொட்டச் சொட்ட வந்து வண்டிக் கதவைத் திறந்து படியேறினாள். ஏறியவள் அப்படியே நின்றாள்.

பந்தி பரிமாறலாம் என்ற இடம் போன இடம் தெரியவில்லை. கதவோரம் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க ஒரு சந்து. அதற்கு அப்பால் அதுவும் இல்லை. சோபா போய்க் கட்டில் மேல் முட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு மேடை அலமாரிக் கதவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. கழிப்பறை கடைசியில், கட்டில் மேல் தவழ்ந்து போனாலும் அதன் கதவு வெளிப்பக்கம் திறப்பது, கட்டில் சட்டம் விடாது. அலமாரிக் கதவை இழுத்தாள். நாலு விரல் அளவுக்குத் திறந்து மேடையில் 'டக்' என்று இடித்தது. ஃப்ரிட்ஜை இழுத்தாள். அதுவும் நாலு விரல். உள்ளேயிருந்து மாலையின் வாசம் மட்டும் வெளியே வந்தது.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பழக்கடையில் ரம்புட்டான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேல்ராஜ் ஏறி எட்டிப் பார்த்தார். "இதுக்கா சத்தம்? பதுங்கு குழிக்குள்ள படுத்து எந்திரிச்சவன்ட்டி நான்" என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். பதுங்கு குழி அவர் இருபத்தைந்து வயதில் பார்த்தது. இந்த வயிறு அதற்கப்புறம் வந்தது. இரண்டாவது எட்டில் மாட்டிக்கொண்டார். முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை.

"இழுட்டி."

"உள்ள இருக்க சீரே வெளிய வரல, இதுல ஒங்களயும் உள்ள வச்சிப் பூட்டணுமாக்கும்" என்று டவுசரைப் பிடித்து இழுத்தாள். தொப்பென்று வந்தார்.

பிறகு இடுக்கியை வைத்து அலமாரிச் சந்தில் துழாவினாள். முதலில் வந்தது தலையணை உறை. அடுத்தது அவருடைய பட்டாளத்துக் காலுறை, ஒற்றை. மூன்றாவதாகப் பட்டுச்சேலையின் ஓரம் சாமந்தி இதழ் அளவுக்கு எட்டிப் பார்த்தது. இடுக்கியால் இழுத்தால் சரிகை கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். தொடமுடிகிறது, எடுக்கமுடியவில்லை. இல்லாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கீழே வேல்ராஜ் பஸ் டிரைவரைத் தேடினார். டிரைவர் சாவியோடு அருவியில். அதற்குள் வண்டிக்குப் பின்னால் குறுக்கே ஒரு வேன் வேறு நின்றது; அதன் ஆட்களும் அருவியில். "பதினோரு மணிக்கு வந்தா உண்டு" என்றார் பால்வண்ணநாதன், அடுத்தவர் வீட்டுச் சங்கதி போல.

முன்சீட்டில் கிடந்த செல்போன் அடித்தது. உச்சிமாகாளி.

"மைனி, எங்கன வாறீய? ஆசாரி வந்தாச்சு. எங்க அத்தை கேக்காவ, தாய்மாமன் வீட்டுக்கு நாற்காலி போடவா வேண்டாமான்னு."

"போடச் சொல்லு உச்சி. பக்கத்துலதான். குத்தாலத்துல இருந்து கெளம்பிட்டோம்" என்றாள் முத்துச்செல்வி, பல் தந்தியடிக்க.

"என்னட்டி செய்ய? தென்காசியில எறங்கி ஒரு சேலை, ஒரு வேட்டி எடுத்துக்கிடலாமா?" என்றார் வேல்ராஜ்.

"கம்மல் உள்ள. கொலுசு உள்ள. தாம்பாளம் உள்ள. பர்ஸும் உள்ள. என்னய மட்டுந்தான் வெளிய விட்டு வச்சிருக்கீய. ஒரு வாரமா ஊருக்கெல்லாம் தொறந்து தொறந்து காட்டுனீயளே, ஒரு தடவ மூடிப் பாத்தீயளா?"

வேல்ராஜ் டவுசர் பையில் கையை விட்டுக்கொண்டு கேரளா பஸ்ஸின் நம்பரைப் படித்தார்.

பழக்கடை நிலோபர் இதுவரை ஒரு கண்ணைத் தராசிலும் ஒரு கண்ணைக் கேரவனிலும் வைத்திருந்தாள். முப்பது வயசிருக்கும், கை வியாபாரம் பார்க்க, வாய் உலகம் பார்க்கும். முத்துச்செல்வி நேரே அவளிடம் போனாள்.

"ஏம்மா, ஒரு பத்து நிமிசம் கடையக் கொஞ்சம் அங்கிட்டு நகத்திக்கிடுதியா? அந்தப் பக்கத்துப் பெட்டி மட்டும் வெளிய வந்தா போதும். பிள்ளைக்குக் காது குத்து. சீரு மொத்தமும் உள்ள மாட்டிக்கிட்டு."

"சீசன் ஞாயித்துக்கெழம கடைய நகத்தவா?" நிலோபர் சிரித்தாள். "அக்கா, என் கடையே நாலடி. தார்ப்பாய் மூடிக் கெடந்தாலும் மங்குஸ்தான் எங்க, கத்தி எங்க, சில்லறை எங்கன்னு இருட்டுல கைய விட்டு எடுப்பேன். ஒங்க வீட்டு அண்ணாச்சி இவ்வளவு பெரிய வண்டிய வாங்கிட்டு மாத்துத்துணிய எங்க வைக்கணும்னு பாக்கலியா?"

"கேளு, நல்லா கேளு" என்றாள் முத்துச்செல்வி. அவள் கேட்க நினைத்ததை இன்னொருத்தி இவ்வளவு நன்றாகக் கேட்டதில் கொஞ்சம் குளிர்கூட விட்டது.

நிலோபர் அவளுடைய நனைந்த சேலையையும் நீல உதட்டையும் பார்த்தாள். "சரி, தூக்குங்க. ஆனா பெட்டி வெளிய வரும்போது உள்ள எப்படி இருக்குன்னு நான் பாக்கணும், ஆமா."

பழம் வாங்க வந்தவர்களே ஆளுக்கொரு கூடையைத் தூக்கி கேரளா பஸ்ஸின் முன்னால் வைத்தார்கள். பால்வண்ணநாதன் விசிலடித்துப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. பிறகு அவரும் வந்து வேடிக்கை பார்த்தார். வேல்ராஜ் முகம் தெளிந்து, முன்சீட்டுக்குப் போய், ஆலங்குளத்தில் அமுக்கிய அதே தோரணையில் பொத்தானை அமுக்கினார்.

ஙொய்ங்.

பெட்டி மெல்ல வெளியே வந்தது. "யம்மாடி" என்றது கூட்டம். பழக்கடைக்குள் ஒரு படுக்கையறை நுழைந்துகொண்டிருந்தது. பாதி தூரம் வந்ததும் அதன் மேல்விளிம்பு தார்ப்பாய்க் கயிற்றில் மாட்டியது. தார்ப்பாய் ஒரு பக்கம் சாய்ந்து, காலையிலிருந்து சேர்ந்திருந்த சாரல் தண்ணீர் மொத்தமும் அண்டாவைக் கவிழ்த்ததுபோல முத்துச்செல்வி தலையில் இறங்கியது. அரைகுறையாகக் காய்ந்திருந்த தலைமுடியும் போயிற்று. உள்ளே 'டடக்' என்றொரு சத்தம். பெட்டி நின்றுவிட்டது.

வேல்ராஜ் அமுக்கினார். விட்டு அமுக்கினார். கயிற்றை அறுத்துவிட்டு அமுக்கினார். பெட்டி வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

"ஒரு முழம் கெடைச்சிருக்குல்லா, போதும்" என்று முத்துச்செல்வி உள்ளே பாய்ந்தாள். மணி பத்தே முக்கால்.

இப்போது அலமாரிக்குள் ஒரு கை போனது. ஒரே ஒரு கைதான். சேலை வந்தது, ரவிக்கை வந்தது, வேட்டி சட்டை வந்தது. நகைப்பெட்டி, பாவாடைப் பொட்டலம், கற்கண்டு, தேங்காய், பர்ஸ், ஃப்ரிட்ஜிலிருந்து மாலை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. தாம்பாள மூட்டை வரவில்லை. முழு மூட்டை சந்தில் நுழையாது. அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்றால் அந்த முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும், பல்லும் வேண்டும். அவளுடைய உள்பாவாடை அடித்தட்டு இழுப்பறையில். அந்த இழுப்பறை அடுப்பு மேடையின் காலில் மோதி, என்ன கெஞ்சியும் அசையவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கை ஒரு பக்கம் ஃப்ரிட்ஜில் இடிக்க மறுபக்கம் கட்டிலில் இடிக்க, நனைந்த உள்பாவாடை மேலேயே பட்டைச் சுற்றினாள். கொசுவம் வைக்கக் குனிய இடமில்லாமல் அது கோணலாகவே நின்றது.

வெளியே வந்தபோது பட்டின் கீழ்ப்பாதி கறுத்து ஈரம் ஏற ஆரம்பித்திருந்தது.

"தாம்பாளம் இல்லாம எப்படிம்மா..." என்று அவள் நிலோபரைப் பார்த்தாள்.

நிலோபர் தராசை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஆறு கூடைகளில் இருந்த மங்குஸ்தானைக் கீழே சாக்கில் கொட்டினாள். கூடைகளைத் துடைத்தாள். நாலு அட்டைப்பெட்டிகளின் மூடியைக் கிழித்து வாழையிலை விரித்தாள். எண்ணிப் பார்த்தாள், பத்து. ரம்புட்டான் கொத்து வைத்திருந்த மூங்கில் தட்டைக் கொத்தோடு தூக்கிப் பதினொன்றாவதாக வைத்தாள்.

"இது என் கணக்கு. பிள்ளைக்கு. கூடைய மட்டும் சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தாங்க அக்கா, வியாபாரம் கெடக்கு."

பால்வண்ணநாதன் அவராகவே ஒரு ஆட்டோவை விசிலடித்து நிறுத்தினார். கூடைகள் ஏறின. வேட்டி சட்டைக்கு மாறியிருந்த வேல்ராஜ் மட்டும் ஏறவில்லை. பாதி பிதுங்கிய பெட்டியின் ரப்பர் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நீ கொண்டுபோயிக் குடு செல்வி. வண்டி தொறந்து கெடக்கு. எவனாவது உரசிட்டுப் போனா முடிஞ்சிது. மெக்கானிக் வந்ததும் நான் பின்னால வாறேன்."

முத்துச்செல்வி ஆட்டோவிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் வேல்ராஜுக்குப் பயமாக இருந்தது.

"சீர நான் தூக்கிருவேன். வளைகாப்புக்கும் நாந்தான் தூக்குனேன். அன்னிக்கு நீங்க எல்லையில நின்னீய, ஒண்ணும் சொல்லல. இன்னிக்குப் பழக்கடையில நின்னதுனால வரலன்னு நான் எப்படிச் சபையில சொல்ல? ஒங்க தங்கச்சி கேக்குறது ஒங்க மடியத்தான். மடிய கூடையில வச்சிக் கொண்டுபோக முடியுமா? ஏறுங்க."

ஏறினார். ஆட்டோ திரும்பும்வரை கழுத்தைத் திருப்பி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலஞ்சிக்குப் போனபோது பதினொன்று முப்பத்தெட்டு. வாசலில் நின்ற மாமியார், ஆட்டோவிலிருந்து இறங்கிய மங்குஸ்தான் கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது என்ன, சந்தைக்குப் போயிட்டு வாற வழியா?"

"ஆமா அத்தை. பழம் வாங்குனோம், தங்கமும் வாங்குனோம்" என்று முத்துச்செல்வி முதல் கூடையை அவள் கையிலேயே கொடுத்தாள். "பிடிங்க, கனமா இருக்கு. எண்ணிக்கிடுங்க, பதினொண்ணு."

மாமியார் எண்ணவும் செய்தாள். பிறகு பட்டுச்சேலையின் கீழ்ப்பகுதியைப் பார்த்தாள். முத்துச்செல்வி கூட்டத்துக்கு முன்னால் போகாமல் தூணோரம் ஒதுங்கி நின்றாள். நின்ற இடத்தில் கல் நனைந்தது. நேர்த்தியாக வந்து இறங்க வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தது என்ன, இப்போது தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பது என்ன.

வேல்ராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உச்சிமாகாளி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து, "வந்துட்டீயளே" என்று மட்டும் சொன்னாள். ஃப்ரிட்ஜில் கிடந்து விறைத்த மாலை கழுத்தில் பட்டதும் பிள்ளை சிணுங்கியது. ஆசாரி இடது காதைக் குத்தினார். பிள்ளை அலறியது. அதே நேரம் வேல்ராஜ் சட்டைப்பையும் அலறியது. கிளம்பும்போது வண்டிப்பேட்டைச் சீட்டின் பின்பக்கம் தன் நம்பரை எழுதிப் பால்வண்ணநாதனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் ஒற்றைக் கையால் எடுத்து அமுக்கினார். பால்வண்ணநாதனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கோயில் முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி! கேரளா பஸ்ஸு கெளம்பணுங்கான். ஒங்க வண்டி பின்னால தள்ளினாலும் நகர மாட்டேங்கு. மழை வலுத்துட்டுன்னு நிலோபரு பழத்தப் பூராவும் ஒங்க கட்டில்ல கொட்டி அங்கன வச்சே விக்கா. சனம் ஏறி நின்னு போட்டோ எடுக்கு!"

வேல்ராஜின் முழங்கால் தரையை விட்டு எழும்பியது. பிள்ளையோடு சேர்ந்து எழும்பியது.

தூணோரத்திலிருந்து முத்துச்செல்வி எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் தோளில் கையை வைத்து அமுக்கினாள். முழங்கால் இறங்கியது.

"இன்னொரு காது இருக்கு."

"ரப்பரு கிழிஞ்சிரும்ட்டி."

"கிழியட்டும்."

ஆசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "குத்துங்க" என்றாள் முத்துச்செல்வி. பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு வலது காதும் ஆயிற்று. கம்மலின் திருகை முறுக்கி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. பிள்ளை மாமன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதது. வேல்ராஜ் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். தட்டத் தட்ட, கொஞ்ச நேரம் வண்டி ஞாபகம் போயிருந்தது என்றுதான் தோன்றியது.

மாமியார் வந்து நின்றாள். "ஈரத்தோட நிக்கியே முத்துச்செல்வி, காய்ச்சல் வந்துரும். உச்சி, மைனிக்கு ஒரு சேலை எடுத்துக் குடு" என்றாள். அதைச் சபைக்குக் கேட்கச் சொல்லாமல் மெதுவாகச் சொன்னாள் என்பதைக் கவனிக்க வேண்டியவள் கவனித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் வேல்ராஜுக்கு இலையில் கை ஓடவில்லை. பாயசம் வருவதற்குள் முத்துச்செல்வி பக்கம் சாய்ந்தார்.

"இப்பமாச்சும் போலாமா?"

உச்சிமாகாளியின் காய்ந்த நூல்சேலையில் உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி அப்பளத்தை நொறுக்கினாள்.

"போவோம். வண்டிக்காக இல்ல. அந்தப் பிள்ளை கூடை இல்லாம வியாபாரம் பாத்துக்கிட்டிருக்கும். மொதல்ல பாயசத்தக் குடிங்க."